சகித்துக்கொள்கிறேன் என்று சொன்ன சம்பந்தி

குற்றாலிங்கம் சாருக்கு ஆங்கிலம் தெரியாது என்று தூத்துக்குடியில் யாராவது சொன்னால், சொன்னவருக்குத்தான் கெட்ட பெயர் வரும். முப்பத்தோரு வருடமாகப் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறார். அவரிடம் படித்தவர்கள் வங்கியில் இருக்கிறார்கள், துறைமுக அலுவலகத்தில் இருக்கிறார்கள். இரண்டு பேர் அவருடைய பள்ளியிலேயே ஆசிரியர்களாக இருந்துகொண்டு, அவரைக் கண்டால் இன்னும் கையைக் கட்டிக்கொள்கிறார்கள்.

அவருடைய பெருமையெல்லாம் ஒரு பட்டியலில் இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒன்றிரண்டு சின்னச் சொற்கள் ஒட்டிக்கொண்டு வரும் அல்லவா, புட் அப் வித், ரன் அவுட் ஆஃப், லுக் ஃபார்வர்ட் டு என்று? அந்த வகையில் நானூற்றுப் பன்னிரண்டைத் திரட்டி நோட்டில் எழுதி வைத்திருந்தார். இடப்பக்கம் சொற்றொடர், வலப்பக்கம் அதற்கு ஈடான ஒற்றைச் சொல். புட் அப் வித்துக்கு எதிரே டாலரேட். லுக் ஃபார்வர்ட் டுவுக்கு எதிரே ஆன்டிசிபேட். தேர்வில் கோடிட்ட சொற்றொடரை எடுத்துவிட்டு ஒற்றைச் சொல்லைப் போடச் சொல்வார்கள். சாரின் பிள்ளைகள் அந்தக் கேள்வியில் அரை மதிப்பெண்ணைக்கூட விட்டதில்லை.

அப்படிப்பட்ட மனுஷர்தான் சம்பந்தியம்மாளிடம் அந்தப் பதிலைச் சொன்னார்.

ஒரே மகள் கோமதி ஸ்காட்லாந்தில் அபர்தீன் என்ற ஊரில் இருக்கிறாள். வேலைக்குப் போன இடத்தில் டங்கன் என்ற பையனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு சார் போகவில்லை. விசா கிடைக்கவில்லை என்று ஊருக்குச் சொன்னார். அவர் விண்ணப்பமே போடவில்லை என்பது அவருக்கும் கோமதிக்கும் மட்டும் தெரியும். கோபம் ஆற ஒரு வருடம் ஆயிற்று. பிறகு ஞாயிறுதோறும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போனில் பேசிக்கொண்டார்கள்.

இப்போது கோமதிக்கு நிறைமாதம். டங்கனுக்கு நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்றில் வேலை. பிரசவ நாள் அவன் கடலில் இருக்கவேண்டிய வாரத்தில் வந்து விழுந்தது. கோமதியின் அம்மாவோ அவளுக்கு ஒன்பது வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். துணைக்கு என்று இருந்தது டங்கனின் அம்மா மொய்ரா ஒருவர்தான். தன் ஊரை விட்டு வந்து மருமகளோடு தங்கியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொய்ரா அம்மாள் போனை வாங்கி, சிரித்துக்கொண்டே பேசினார். குழந்தை பிறந்ததும் சார் கட்டாயம் அங்கே வரவேண்டும், வந்தால் தன்னையும் தன் சமையலையும் அவர் புட் அப் வித் செய்தாக வேண்டும் என்றார்.

சார் நிமிர்ந்தார். எத்தனை விடைத்தாளில் திருத்திய கேள்வி அது.

"சர்ட்டன்லி, மேடம். ஐ ஷால் டாலரேட் யூ," என்றார்.

ஆகட்டும் அம்மா, உங்களைச் சகித்துக்கொள்கிறேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து சார் மூன்று தடவை ஹலோ சொன்னார்.

அடுத்த ஞாயிறு மொய்ரா அம்மாள் பேச வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாம் ஞாயிறு கோமதி குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பா, அத்தை ஊருக்குக் கிளம்புதேங்காவ. உங்க அப்பாவுக்கு ஆரம்பத்துல இருந்தே எங்களைப் பிடிக்கல, நான் இங்கன இருக்கது உனக்கு இடைஞ்சல், உன் சொந்தத்துல யாரையாவது துணைக்குக் கூப்பிட்டுக்கோன்னு சொல்லுதாவ. எனக்கு யாருப்பா இருக்கா?"

"நான் என்ன தப்பாச் சொன்னேன்? சரியான விடைதானே அது?"

"ஐயோ அப்பா," என்றாள் கோமதி. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. பிறகு அழுகைதான் என்று தெரிந்தது. "வாற ஞாயித்துக்கிழமை நீங்களே அவுககிட்டப் பேசுங்க. திங்கக்கிழமைக்கு டிக்கெட் போட்டிருக்காவ."

பிரசவத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது.

துறைமுக வாசலுக்கு எதிரே மாலுமிகள் வந்து இளைப்பாறும் மன்றம் ஒன்று உண்டு. கப்பலிலிருந்து இறங்குகிறவர்கள் அங்கே உட்கார்ந்து வீட்டுக்குப் பேசுவார்கள், கேரம் ஆடுவார்கள், சோப்பும் சிம் கார்டும் வாங்கிப் போவார்கள். அங்கே கவுன்டரில் ஜெனோவா மச்சாது என்று ஒரு பெண் இருந்தாள். எந்தத் தேசத்துக்காரனும் அவளிடம் நாலு வார்த்தை பேசாமல் கப்பல் ஏறமாட்டான் என்று உடற்கல்வி ஆசிரியர் தாசையா ஒரு தடவை சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் சார் அங்கே போய் நின்றார். ஜெனோவா அவரைவிட இருபத்தைந்து வயது சின்னவள். எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு கணம் தயங்கினார். கற்றுக்கொள்ள வந்த இடத்தில் வயதைப் பார்த்தால் ஆகாது என்று தோன்றியது.

"டீச்சர்," என்றார்.

ஜெனோவா பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"என்னையா சார் கூப்பிட்டீய? நான் பத்தாவதுல இங்கிலீஷ்ல ரெண்டு தடவை ஃபெயில். அந்த ஒத்தச் சொல்லு போடுற கேள்வியிலதான் போச்சு."

சார் நடந்ததைச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. போடாத விசா விண்ணப்பத்தைக்கூடச் சொன்னார். கடைசியில் தன் கேள்வியைக் கேட்டார்.

"விடை சரி. அப்புறம் எப்படித் தப்பாப் போச்சு?"

ஜெனோவா கவுன்டர் ஓரத்து ஸ்டூலைக் காட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் சாயங்காலம் இங்கன வந்து உக்காருங்க சார்," என்றாள்.

செவ்வாய்க்கிழமை சார் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தார். பிலிப்பைன்ஸ்காரன் ஒருவன், கப்பலில் சமையல் வேலை, அவசரமாக உள்ளே வந்தான். "வீ ரன் அவுட் ஆஃப்..." என்று ஆரம்பித்தான். அவன் முடிப்பதற்குள் ஜெனோவா ஒரு பாக்கெட் சவர பிளேடை எடுத்து வைத்தாள். அவன் சிரித்தான், வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

"அவன் என்ன சொன்னான் சார்?"

"ரன் அவுட் ஆஃப். எக்ஸ்ஹாஸ்ட். தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம்."

"என்னது தீர்ந்துச்சு?"

"அதை அவன் சொல்லவே இல்லையே."

"தாடையைத் தடவுனான் சார்."

சார் பேனாவைத் திறந்தார். என்ன எழுதுவது என்று தெரியாமல் மூடினார். சற்று நேரம் கழித்து, தாடையைத் தடவினான் என்பதை எந்தப் பக்கம் எழுதுவது, இடப்பக்கமா வலப்பக்கமா என்று அவளிடமே கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். ஜெனோவாவும் சிரிக்கவில்லை.

புதன்கிழமை அவள் தானே டீ போட்டுக் கொண்டுவந்தாள். தம்ளரை நீட்டும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டாள்.

"பால் இன்னைக்குச் சரியில்ல சார். டீ சுமாராத்தான் இருக்கும். பொறுத்துக்கிடணும்."

"அட, அதெல்லாம் நல்லாத்தான்மா இருக்கும். கொடு."

"இன்னும் குடிக்கலையே சார்."

சார் தம்ளரைப் பிடித்தபடியே நின்றார். டீயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். காதெல்லாம் சூடானது அவருக்கு.

"நான் பொறுத்துக்கிடுதேன்னு சொல்லியிருந்தா?" என்று மெல்லக் கேட்டார்.

"நாளைக்கு உங்களுக்கு டீ கிடையாது."

சார் டீயைக் குடித்துவிட்டு, நோட்டைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார். கடல் கடந்து இருக்கிற ஒரு பெண்மணி, முகம் பார்த்திராத சம்பந்தியிடம் உரிமையோடு ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். அதற்குத் தான் மதிப்பெண் போட்டு அனுப்பியதை நினைக்க நினைக்க அவருக்கு அவமானமாக இருந்தது. மனைவி இருந்திருந்தால் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பாள். அந்தக் குட்டுக்கும் ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது கேட்டார். "அப்போ அந்த இடத்துல என்ன சொல்லணும் டீச்சர்? ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்க. மனப்பாடம் பண்ணிடுதேன்."

"டீக்குச் சொன்னதை எப்ப சார் மனப்பாடம் பண்ணீய?"

புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டுதான் சார் வீட்டுக்குப் போனார். புரிவது ஒன்று, பழக்கம் போவது வேறு.

வியாழக்கிழமை ஜெனோவா சரக்கு இறக்கப் பின்கட்டுக்குப் போயிருந்தாள். கவுன்டர் பக்கம் சார் மட்டும் இருந்தார். ஜார்ஜியா நாட்டுக்காரன் ஒருவன் வந்தான். பெயர் லெவான் என்று சட்டையில் தைத்திருந்தது. நாற்பது வயது இருக்கும். கப்பலின் எஞ்சின் அறையில் வேலை. கடலுக்கு வந்து ஒன்பது மாதம் ஆகிறது என்று விரல்களைக் காட்டிச் சொன்னான். பிறகு போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினான். முன்பல் விழுந்த ஒரு பையன், பல் விழுந்ததைக் காட்டுவதற்காகவே சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஐ லுக் ஃபார்வர்ட் மை சன்," என்றான் லெவான். மகனைப் பார்க்கப்போகும் ஆசையைச் சொல்லும்போது அவன் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

முப்பத்தோரு வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? சாரின் ஆள்காட்டி விரல் அதுவாக உயர்ந்தது.

"லுக் ஃபார்வர்ட் டு. டு சீயிங் மை சன்," என்றார். "டு."

லெவானின் முகம் சுருங்கியது. "சாரி, சார்," என்றான். போனை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எட்டத்தில் இருந்த பெஞ்சில் போய் முதுகு காட்டி உட்கார்ந்தான்.

ஜெனோவா திரும்பி வந்தாள். பெஞ்சைப் பார்த்தாள், சாரைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் சோப்புக் கட்டிகளை அடுக்கி முடித்தாள். அவன் எழுந்து போன பிறகுதான் கேட்டாள்.

"படம் காட்டுனானா சார்?"

"காட்டினான். அவன் பையன்."

"பையன் பேரு என்ன?"

"கேக்கல."

"எத்தனை வயசாம்?"

"கேக்கல டீச்சர். ஒரு சொல்லை விட்டுட்டுப் பேசினான். அதைச் சொல்லிக் கொடுத்தேன்."

"விட்டுட்டுப் பேசினது உங்களுக்குப் புரியலையா?"

"புரிஞ்சுது."

ஜெனோவா அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சாருக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் சார் நேராகக் கடைக்குப் போய்க் கால் கிலோ மக்ரூன் வாங்கினார். தூத்துக்குடிக்கு வந்தவன் இதைத் தின்னாமல் போகக்கூடாது என்று சொல்லிக் கொடுக்கவேண்டும், கொடுக்கும்போதே பையன் பெயரைக் கேட்டுவிடவேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார். நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"அந்தக் கப்பல் காலையிலேயே போயிட்டுது சார்," என்றாள் ஜெனோவா.

சார் பொட்டலத்தோடு அப்படியே நின்றார். இனி அந்த மனிதனை அவர் பார்க்கப்போவதில்லை. அவனும் இந்த ஊரை நினைத்தால் ஒரு விரலைத்தான் நினைப்பான்.

ஜெனோவா பொட்டலத்தை வாங்கிப் பிரித்து ஒரு தட்டில் கொட்டி, வருகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று கவுன்டரில் வைத்தாள்.

"எனக்கு இது வராது போல டீச்சர்," என்றார் சார். "மனசுல ஒண்ணு இருக்கு, வாயைத் திறந்தா வேற வருது. ஞாயித்துக்கிழமை அந்த அம்மாகிட்ட எனக்குப் பதிலா நீங்களே பேசிடுங்களேன். நீங்க பேசினா அவுக கேப்பாவ."

"பேசுதேன் சார். கோமதி என் மகள்னு சொல்லட்டுமா?"

சார் தலையைக் குனிந்துகொண்டார்.

சனிக்கிழமை மூன்று மாலுமிகள் வந்தார்கள். மூவரும் மூன்று விதமாகத் தப்புத் தப்பாகப் பேசினார்கள். சார் விரலை மடக்கி வைத்துக்கொண்டு கேட்டார். அன்று கிளம்பும்போது இரண்டு பேரின் பிள்ளைகளுடைய பெயர்கள் அவருக்குத் தெரிந்திருந்தன. மூன்றாமவனுக்குப் பிள்ளை இல்லை, நாய்தான். நாயின் பெயரையும் தெரிந்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மன்றத்திலிருந்தே பேசுகிறேன் என்றார் சார். வீட்டில் தனியாக இருந்து பேச அவருக்குப் பயமாக இருந்தது. ஜெனோவா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை. அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்து மணிக்கு மணி அடித்தது. கோமதி இரண்டே வார்த்தை பேசிவிட்டு அத்தையிடம் கொடுத்தாள்.

"ஹலோ," என்றார் மொய்ரா அம்மாள். வாசலில் வந்த அந்நியரைக் கேட்கும் குரல்.

"மேடம்," என்றார் சார். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். ஜெனோவா மட்டும் தலையைத் தூக்காமல் சிம் கார்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். சார் அவளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

பேசினார். ஆங்கிலத்தில்தான் பேசினார். அதையே ஒரு மாணவன் எழுதியிருந்தால் வரிக்கு வரி சிவப்பு மையால் சுழித்திருப்பார்.

"நான் கல்யாணத்துக்கு வரவில்லை, மேடம். கோபம். விசா காரணம் இல்லை. அது பொய்."

நிறுத்தினார். ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு மேலே சொன்னார்.

"நீங்கள் என்னை அன்பாகக் கூப்பிட்டீர்கள். நான் பரீட்சை எழுதினேன். நான் முட்டாள்."

மறுபடியும் நிறுத்தினார். கண்ணைத் திறக்காமலே தொடர்ந்தார்.

"கோமதிக்கு அம்மா இல்லை. ஒன்பது வயதில் போய்விட்டாள். அப்போது நான்தான் தலை பின்னிவிட்டேன். நன்றாக வராது. ஆனால் நான் இருந்தேன். இப்போது நான் அங்கே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, மேடம். போகாதீர்கள்."

மொய்ரா அம்மாள் பேச ஆரம்பித்ததும் நிறுத்தவில்லை. அவர் ஊர்ப் பேச்சு, வேகமான பேச்சு. அப், வித், டு, ஆன், ஆஃப் என்று சின்னச் சொற்களாக வந்து விழுந்துகொண்டே இருந்தன. பாதி சாரின் காதைத் தாண்டிப் போயின. அவற்றில் ஒன்றையாவது ஒற்றைச் சொல்லாக மாற்ற அவருக்கு நேரமும் இல்லை, நினைவும் இல்லை. நடுவே அந்த அம்மாளின் குரல் உடைந்தது மட்டும் நன்றாகத் தெரிந்தது. தன்னுடைய தாயும் சீக்கிரமே போய்விட்டதாக அவர் சொன்னதும் புரிந்தது.

கடைசியாக, ஒவ்வொரு சொல்லாக, சாருக்காகவே மெதுவாகச் சொன்னார்.

"ஷீ ஹாஸ் காட் மீ டு ஃபால் பேக் ஆன்."

சார் கையால் துழாவி நாற்காலியைப் பிடித்துச் சாய்ந்து உட்கார்ந்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை. "தேங்க் யூ, தேங்க் யூ," என்று இரண்டு தடவை சொன்னார்.

கோமதி போனை வாங்கினாள்.

"என்னத்தப்பா சொன்னீங்க? அத்தை அழுதுக்கிட்டே டிக்கெட்டை ரத்து பண்ணிக்கிட்டு இருக்காவ. எங்கேயும் போகலையாம். ஏன், தலை பின்னிவிட்டதை எல்லாமா சொல்லுவீங்க?"

"உடம்பைப் பாத்துக்கோ," என்றார் சார்.

போனை வைத்த பிறகு வெகுநேரம் அவர் எழுந்திருக்கவில்லை. கேரம் காய்கள் மறுபடி மோதிக்கொள்ள ஆரம்பித்தன. ஜெனோவா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, யோசனையாகக் கேட்டார்.

"டீச்சர், அந்த அம்மா கடைசியா ஒண்ணு சொன்னாவ. ஃபால் பேக் ஆன். எங்கேயோ படிச்ச மாதிரி இருக்கு, நினைவுக்கு வரமாட்டேங்குது."

ஜெனோவா காலித் தம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"ஃபால்னா விழுறது. பேக்னா பின்னால. நிறைமாசப் பிள்ளையைப் பத்திப் பேசும்போது விழுறதுன்னு ஒருத்தர் சொன்னா எனக்கு உசிரே போயிருக்கணும். ஆனா போகலையே. அதுக்கு என்ன அர்த்தம் டீச்சர்?"

"நாற்காலியைப் போட்டு உக்காரச் சொன்னேன், நீங்க உக்காரல சார்," என்றாள் ஜெனோவா. "அந்த அம்மா அதைச் சொன்ன பிறகுதான் பயம் விட்டு அதுல சாஞ்சு உக்காந்தீய."